பால் கேனும் டைல்ஸ் துண்டும்: போலந்துப் பயணக் குறிப்புகள்

அக்டோபர் 20, திங்கள். வார்சா

காலை ஒன்பது மணிக்கு 6 டிகிரி. பெய்வது தூறலா மூடுபனியா என்று தெரியவில்லை. தெருவில் யாரும் குடை விரிக்கவில்லை, ஆனால் எல்லோரும் நனைந்திருந்தார்கள்.

யூத இன அழிப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள போலந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஆஷ்விட்ஸில் தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்கிறார்கள். நம் ஊர் டூர் பேக்கேஜ்களும் அப்படித்தான்: க்ராகோவில் இறங்கு, அரை நாள் முகாம், அரை நாள் உப்புச் சுரங்கம். வார்சாவின் துவொமாட்ஸ்கியே தெருவில் உள்ள யூத வரலாற்று நிறுவனத்தில் தொடங்கினால் மற்ற இடங்களெல்லாம் வேறு மாதிரி தெரியும். சனிக்கிழமை மூடியிருக்கும், அதைப் பார்த்துத் திட்டமிட வேண்டும். உள்ளே நுழைந்ததும் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். போலந்தில் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் இது முதல் சடங்கு. கோட்டு வாங்கும் அம்மாள் சிரிக்கமாட்டார். வில்லையைக் கையில் வைத்து அழுத்தி, "தொலைக்காதே" என்று கண்ணாலேயே சொல்வார்.

முன்கூடத்துத் தரையைக் கவனிக்க வேண்டும். கல்லில் கருகிய தடங்கள் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் நின்ற பெரிய யூத வழிபாட்டுக் கூடத்தை 1943 மே 16 அன்று ஜெர்மானியர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். யூதர்களைச் சுவர் கட்டி அடைத்துவைத்த 'கெட்டோ' பகுதியின் எழுச்சியை அடக்கி முடித்துவிட்டோம் என்பதற்கான அறிவிப்பு அது. அந்தத் தீயின் வடுதான் தரையில் இருப்பது. கூடம் இருந்த இடத்தில் இன்று நீலக் கண்ணாடி அலுவலகக் கோபுரம் நிற்கிறது.

நிரந்தரக் கண்காட்சியின் மையம் ஒரு பால் கேன். நம் ஊர் சொசைட்டியில் பால் ஊற்றும் கேன் போன்றதுதான், துருவேறியது. வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்ப்ளூம் 1940 நவம்பரில், கெட்டோவின் வாசல்கள் அடைக்கப்பட்ட அதே மாதத்தில், ஒரு ரகசியக் குழுவைக் கூட்டினார். யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் சந்தித்ததால் அதற்கு ஓனெக் ஷபாத், 'ஓய்வுநாள் மகிழ்ச்சி', என்று பெயர். ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள், பொருளியல் படித்தவர்கள், ரப்பிகள் என்னும் யூத மதகுருக்கள் என்று சில பத்துப் பேர். தலைப்புகளைப் பிரித்துக்கொண்டார்கள்: பெண்களின் நிலை, கடத்தல், குழந்தைகள், தெருவின் நகைச்சுவை, சூப் வழங்கும் சமையற்கூடங்கள். கேள்விப் பட்டியல் தயாரித்து, வெளியூர்களிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களிடம் உட்கார்ந்து எழுதினார்கள். கூடவே ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய்க் காகிதம், கச்சேரி அழைப்பிதழ் என்று எதையும் விடவில்லை.

எழுதியதை நகலெடுத்தார்கள். பசியில் இருக்கும் ஊரில் காகிதத்துக்கும் நகலெடுப்பவருக்கும் பணம் ஒதுக்குவது எளிய முடிவல்ல. ஆனால் அந்த நகல்களில் ஒன்று உலகத்தை எட்டியது. ஹெல்ம்னோ முகாமில் பிணக்குழி தோண்டவைக்கப்பட்டு 1942 ஜனவரியில் தப்பிய ஒருவர் வார்சாவுக்கு வந்து சேர்ந்தார். குழுவைச் சேர்ந்த ஹெர்ஷ் வாஸ்ஸரும் மனைவி ப்ளூமாவும் தப்பி வந்தவர் சொன்னதைப் பதிவுசெய்தார்கள். நச்சுவாயு லாரிகளைப் பற்றிய அந்த அறிக்கை போலந்துத் தலைமறைவு இயக்கம் வழியாக வெளியே போனது. அதே ஆண்டு ஜூனில் லண்டன் பிபிசி போலந்து யூதர்களின் படுகொலை பற்றி ஒலிபரப்பியது. சாட்சி அதைக் கேட்க உயிரோடு இல்லை. பெல்ஜெட்ஸ் முகாமில் கொல்லப்பட்டுவிட்டார்.

காப்பகத்தின் முதல் பகுதி 1942 ஆகஸ்ட் 3 அன்று, கெட்டோவிலிருந்து ரயில் ரயிலாக ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில், நொவொலிப்கி தெருப் பள்ளி ஒன்றின் அடியில் பத்துத் தகரப் பெட்டிகளில் புதைக்கப்பட்டது. இரண்டாவது பகுதி 1943 பிப்ரவரியில் இரண்டு பால் கேன்களில் போனது. தகரப் பெட்டிகளின் மூட்டுகள் தண்ணீரைத் தாங்கவில்லை. 1946 செப்டம்பரில் எடுத்தபோது உள்ளே நீர் புகுந்து காகிதங்கள் ஒட்டி, மை கலைந்திருந்தது. 1950 டிசம்பரில் கட்டடத் தொழிலாளர்கள் கைக்கு அகப்பட்ட பால் கேன்களுக்குள் இருந்தவை பெரும்பாலும் தேறின. மொத்தம் ஏறத்தாழ 35,000 பக்கங்கள். பிரதிகளின் ஓரத்தில் பரவிய மை வட்டங்களைப் பார்த்தாலே எது பெட்டியிலிருந்து வந்தது, எது கேனிலிருந்து வந்தது என்று பிடிபட்டுவிடும்.

குழுவில் போரைத் தாண்டியவர்கள் மூவர்: வாஸ்ஸர் தம்பதியர், எழுத்தாளர் ராஹெல் ஔவர்பாக். ஔவர்பாக்கின் பெயர் நாளை மறுநாள் மறுபடி வரும்.

மதியம் பால் பார் என்று அழைக்கப்படும் மலிவு உணவகம். அரசு மானியத்தில் நடப்பவை. உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் வைத்த பியெரோகி ஒரு தட்டு 17 ஸ்வோட்டி, ஏறத்தாழ 410 ரூபாய். சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உள்ளே இறைச்சி இல்லை என்று நம்பி வாங்கினால் மேலே பன்றிக் கொழுப்புப் பொரியலைத் தூவிவிடுவார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே "பெஸ் ஸ்க்வாரெக்" என்று சொல்லிவிட வேண்டும். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் ஜன்னலில் வைக்கவேண்டும். வைக்காமல் எழுந்தால் பக்கத்து மேசைப் பாட்டி தோளைத் தட்டி வழி காட்டுவார்.

அக்டோபர் 21, செவ்வாய். வார்சா, முரானுவ்

செவ்வாயன்று போலந்து யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் போலின் அருங்காட்சியகம் விடுமுறை. கதவு வரை போய்த் திரும்பும் கூட்டம் இன்றும் இருந்தது. நடப்பதற்கு இது நல்ல நாள்தான். தூறல் நின்றுவிட்டது, காற்று மட்டும் காதை அறுக்கிறது.

முரானுவ் பகுதியில் வீடுகள் தெருவை விட உயரத்தில் நிற்பதைக் கவனித்தால் ஊரின் கதை புரியும். பல கட்டடங்களுக்குப் படியேறித்தான் போகவேண்டும். போருக்குப் பின் கெட்டோவின் இடிபாடுகளை அகற்ற லாரியும் இல்லை, ஆளும் இல்லை. அந்த மேட்டின் மீதே குடியிருப்புகளைக் கட்டிவிட்டார்கள். இடிந்த செங்கல்லை நொறுக்கிச் செய்த கட்டிகள்தான் பல சுவர்கள். படிக்கட்டின் கீழ் இருக்கும் மண்மேடு முழுவதும் பழைய வீடுகள்.

காப்பகம் புதைந்த பள்ளியைத் தேடுகிறவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். பழைய நூல்களில் நொவொலிப்கி 68 என்று இருக்கும். இன்றைய எண் வேறு. 28-ஐத் தேடிப் போகவேண்டும். அங்கே தரைக்குள் இறங்கிய ஒரு கண்ணாடிக் கனசதுரம் இருக்கிறது. அதனுள் தாவித் க்ராபெர் என்ற இளைஞரின் கடைசிக் குறிப்பின் நகல். பெட்டிகளைப் புதைத்தவர்களில் ஒருவர் அவர், வயது 19. 1946-இல் தேடியவர்களுக்கோ தெருவே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் செங்கல் கடல், அதன் நடுவே இடியாமல் நின்ற புனித அகுஸ்தின் தேவாலயக் கோபுரம் ஒன்றுதான். ஹெர்ஷ் வாஸ்ஸருக்கு இடம் தெரியும் என்பதால்தான் தொடங்கவே முடிந்தது. இரும்புக் கம்பிகளை இறக்கிப் பார்த்து, இடிபாட்டுக்குள் சுரங்கம் போல் குடைந்து, காற்றுக்குழாய் வைத்துத் தோண்டினார்கள். வாஸ்ஸரும் இறந்திருந்தால் அந்தப் பெட்டிகள் இன்றும் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறைக்குக் கீழே கிடந்திருக்கும்.

காப்பகத்துக்கு மூன்றாவது பகுதி ஒன்றும் உண்டு, அது கிடைக்கவே இல்லை. ஷ்வியென்டோயெர்ஸ்கா தெருவில் புதைத்ததாகச் சொல்லப்படும் இடம் இன்று சீனத் தூதரக வளாகத்துக்குள் இருக்கிறது. வெளிச்சுவரைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

நடைபாதையில் அங்கங்கே இரும்பு வார்ப்புப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். கெட்டோச் சுவர் போன கோடு, 1940–1943 என்று பொறித்திருக்கும். ஒரு வங்கியின் வாசலை அந்தக் கோடு குறுக்கே வெட்டிப் போகிறது. ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டருக்குள் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் என்பது நடந்து பார்த்தால்தான் உறைக்கும். குறுக்கே கடக்க அவசர நடையில் அரை மணி நேரம் போதும்.

மாலையில் டிராம் பிடித்து ஓகோட்டா. 75 நிமிட டிக்கெட் 4.40 ஸ்வோட்டி. ஏறியவுடன் இயந்திரத்தில் முத்திரை குத்த மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம். க்ரூயெட்ஸ்கா தெரு 81-இல் ஒரு காய்கறித் தோட்டத்தின் அடியில் இருந்த பதுங்குகுழியில்தான் ரிங்கல்ப்ளூம் மனைவி, மகனோடு மேலும் 30-க்கும் மேற்பட்டோருடன் ஒளிந்திருந்தார். 1944 மார்ச்சில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். மறைத்து வைத்திருந்த போலந்துக்காரர்களும் கொல்லப்பட்டார்கள். குழிக்குள்ளும் அவர் எழுதிக்கொண்டேதான் இருந்தார். இதே ஓகோட்டாவில் 'நல்ல மகாராஜா' சதுக்கம் என்று ஒரு சிறு பூங்கா இருக்கிறது. போலந்து அகதிக் குழந்தைகளுக்கு குஜராத்தின் பாலாச்சடியில் முகாம் அமைத்துக் கொடுத்த நவாநகர் மன்னர் ஜாம் சாகேபின் நினைவாக. இந்திய முகத்தைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்த பெரியவர் தொப்பியைத் தொட்டு வணங்கினார். வார்சாவில் முன்பின் தெரியாதவர் காட்டிய முதல் உற்சாகம் அது.

அக்டோபர் 22, புதன். திரெப்லிங்கா

காரில் போகிறவர்கள் வழிகாட்டிச் செயலியில் வெறுமனே திரெப்லிங்கா என்று போட்டால் அது கிராமத்துக்குக் கொண்டுபோய் விடும். நினைவிடம் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் காட்டுக்குள் இருக்கிறது. அருங்காட்சியகத்தின் பெயரைப் போட வேண்டும். ரயிலில் போகிறவர்கள் மவ்கினியாவில் இறங்கி, பூக் ஆற்றைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் டாக்ஸியில் போக வேண்டும். அங்கேயே காத்திருந்து திரும்பக் கூட்டிவர 200 ஸ்வோட்டி என்று பேசியது. காத்திருக்கவில்லை. போனில் அழைத்தால் "இதோ, இதோ." ஒன்றே கால் மணி நேரம் கழித்து வந்து, மன்னிப்புக்குப் பதிலாக ஆளுக்கொரு ஆப்பிள் கொடுத்தார். ஆப்பிள் அபாரம்.

இங்கே பார்க்க எதுவும் இல்லை. அதற்காகத்தான் வரவேண்டும். 1942 ஜூலை 23 முதல் ஏறத்தாழ ஓராண்டுக்குள் 8 லட்சம் முதல் 9 லட்சம் பேர், அநேகமாக எல்லோரும் யூதர்கள், இங்கே எஞ்சின் புகையால் மூச்சடைத்துக் கொல்லப்பட்டார்கள். பிறகு உடல்களைத் தோண்டியெடுத்து எரித்து, கட்டடங்களைப் பிரித்து, நிலத்தை உழுது, லூப்பின் என்ற பயறுவகைச் செடியை விதைத்து, ஒரு பண்ணை வீடும் கட்டி, காவலுக்கு ஒரு குடும்பத்தையும் வைத்துவிட்டுப் போனார்கள். இன்று இருப்பது 1964-இல் திறந்த நினைவிடம்: தண்டவாளத்தைக் குறிக்கும் சிமென்ட் கட்டைகள், 17,000 கற்கள். பல கற்களில் ஊர்களின் பெயர்கள். ஒரே ஒரு கல்லில் மட்டும் ஆள் பெயர்: யானுஷ் கோர்சாக், தன் அநாதை இல்லத்துக் குழந்தைகளோடு ரயிலேறிய மருத்துவர். காலணி நன்றாக இருக்கவேண்டும். மழை விட்ட மறுநாள் என்பதால் பைன் ஊசிகளும் மணலும் ஈரமாக ஒட்டிக்கொண்டு காலை இழுக்கின்றன.

எதுவுமே மிஞ்சாத இந்த இடத்தின் வரைபடம் எங்கிருந்து வந்தது? தப்பியவர்களின் வாயிலிருந்து. வார்சாவின் பால் கேன் இங்கே வந்து சேர்கிறது. ஏப்ரஹாம் க்ஷெபிட்ஸ்கி என்ற இளைஞர் 1942 ஆகஸ்ட் 25 அன்று வார்சாவிலிருந்து ஏற்றப்பட்டார். 18 நாள் கழித்துத் துணிமூட்டைகள் ஏற்றிய ரயிலில் ஒளிந்து தப்பி, கெட்டோவுக்கே திரும்பினார். அவரை உட்காரவைத்து டிசம்பர் கடைசி முதல் 1943 மார்ச் வரை எழுதிக்கொண்டவர் ராஹெல் ஔவர்பாக். அடுத்த மாத எழுச்சியில் க்ஷெபிட்ஸ்கி இறந்தார். கையெழுத்துப் பிரதி மண்ணுக்குள் இருந்து வெளியே வந்தது.

சாட்சியத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு திரெப்லிங்காவைப் போல ஒரு பள்ளிக்கூடம் கிடையாது. க்ஷெபிட்ஸ்கி சொன்னதில் போலி ரயில் நிலையம் இல்லை. 1944-இலேயே ரகசியமாக அச்சாகி வெளிவந்த யான்கியெல் வியெர்னிக்கின் சாட்சியத்தில் வேறு பல கட்டடங்கள் வருகின்றன. பிற்காலத்தவர்கள் சொன்னதில் முள் நகராத, வரைந்த கடிகாரமும் வேறு ஊர்களுக்கு வழிகாட்டும் பொய்ப் பலகைகளும் வருகின்றன. முரண் என்று இதைத் தூக்கிப்பிடித்து, இன அழிப்பே நடக்கவில்லை என்று மறுப்பு வியாபாரம் செய்கிறவர்கள் உண்டு. உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த மாதம்? போலி நிலையம் 1942 கடைசியில்தான் எழுப்பப்பட்டது. செப்டம்பரில் தப்பியவர் அதைச் சொல்லியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்த கேள்வி: எந்தப் பக்கம்? முகாம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஆட்கள் இறங்கித் துணி களையும் கீழ்ப்பகுதி, நச்சுவாயு அறைகளும் குழிகளும் இருந்த மேல்பகுதி. நடுவே கிளைகள் செருகி மறைத்த வேலி. ஒரு பக்கத்தில் வேலைசெய்தவர் மறுபக்கத்தைப் பார்க்கவே முடியாது. வியெர்னிக் தச்சர். இரண்டு பக்கமும் ஏதாவது கட்ட வேண்டியிருந்ததால் அவரை அங்குமிங்கும் கூட்டிப்போனார்கள். அவர் வரைந்த திட்டமும் பிறகு கையால் செய்த மாதிரியும் 1961-இல் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கில் அவர் சொன்ன சாட்சியமும் மதிப்புப் பெறுவது இதனால்தான்.

1943 ஆகஸ்ட் 2 அன்று கைதிகள் எழுந்தார்கள். போர் முடிவில் உயிரோடிருந்தவர்கள் ஏறத்தாழ 70 பேர். கடைசியாக மிஞ்சிய சாமுவேல் வில்லன்பெர்க் 2016-இல் காலமானார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பிரிட்டிஷ் தொல்லியலாளர் கரோலின் ஸ்டர்டி கோல்ஸின் குழு இங்கே வேலைசெய்தது. யூத மரபில் புதைகுழியைக் கிளறக்கூடாது. ஆகவே முதலில் தரை ஊடுருவும் ரேடார், வானிலிருந்து லேசர் அளவீடு, பிறகு குறிப்பிட்ட இடங்களில் மட்டும் தோண்டல். செங்கல் அடித்தளமும் ஆரஞ்சு நிறத் தரை டைல்ஸ் துண்டுகளும் கிடைத்தன. வாயு அறைகளில் டைல்ஸ் பதித்திருந்தது என்று தப்பியவர்கள் எழுபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டைல்ஸின் பின்புறம் ஒரு நட்சத்திர முத்திரை. தாவீதின் நட்சத்திரம் என்று பத்திரிகைகள் அவசரப்பட்டன. அது ஜியெவுல்ஸ்கி–லாங்கே என்ற போலந்து டைல்ஸ் கம்பெனியின் வணிக முத்திரை. அவசரமாகக் கிடைத்த அழகான விளக்கத்தைவிட இந்தச் சாதாரண விளக்கம்தான் சாட்சிகளுக்கு உதவி செய்கிறது.

திரும்பும் ரயில் 50 நிமிடம் தாமதம். மவ்கினியா நடைமேடையில் சூடாக எதுவும் கிடைக்காது, பிளாஸ்க் கொண்டுபோவது உத்தமம்.

அக்டோபர் 23, வியாழன். ரயிலில், க்ராகோ

வார்சாவிலிருந்து க்ராகோ இரண்டரை மணி நேரத்துக்குள். ஜன்னலில் கூட்டம் கூட்டமாக முட்டைக்கோஸ் வயல். இந்தப் பயணத்தில் காதில் போட்டுக் கேட்கவேண்டியது டேவிட் போடரின் ஒலிப்பதிவுகள். லாத்வியாவில் பிறந்து சிகாகோவில் உளவியல் கற்பித்தவர். 1946-இல், உருளையில் சுற்றிய மெல்லிய எஃகுக் கம்பியில் ஒலியைப் பதியும் கருவியைத் தூக்கிக்கொண்டு பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி அகதி முகாம்களுக்குப் போனார். அவரவர் மொழியில் பேசச் சொன்னார்; முகபாவத்தால் பேச்சைத் திருப்பிவிடாமலிருக்கப் பேசுகிறவரின் பின்னால் உட்கார்ந்துகொண்டார். இந்த இன அழிப்புக்கு 'ஹோலோகாஸ்ட்' என்ற பெயர் புழக்கத்துக்கு வராத காலம். ஆஷ்விட்ஸ் எங்கே இருக்கிறது என்று போடரே கேட்கிறார். சொல்கிறவர்களிடம் இன்னும் கதை வடிவம் உருவாகவில்லை. வாக்கியம் பாதியில் நிற்கிறது, தேதிகள் பண்டிகைகளால் சொல்லப்படுகின்றன, போடர் குறுக்கிட்டு எரிச்சலூட்டுகிறார். 1990-களில் பதிவான காணொளிகளின் ஒழுங்கு இங்கே இல்லை. ஏறத்தாழ 90 மணி நேரம். இலினாய் தொழில்நுட்பக் கழகம் எழுத்துப் படியோடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பாரிஸ் அருகே ஒரு முகாமில் பதிவான பாடல்கள் உள்ள உருளை ஒன்று காணாமல் போய், எழுபது ஆண்டு கழித்து அமெரிக்காவின் ஏக்ரன் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அதை ஓட்டிக் கேட்க ஒரு கருவியைப் புதிதாகத் தட்டிச் சேர்க்க வேண்டியிருந்தது.

க்ராகோவில் வெயில்! 13 டிகிரி. தெருவண்டியில் ஒப்வஷானெக் என்ற வளைய ரொட்டி 3 ஸ்வோட்டி, எள் போட்டது நன்றாக இருக்கிறது. பத்து மணிக்குள் வாங்கிவிட வேண்டும், மாலையில் அது மரக்கட்டை.

ஆற்றின் தென்கரையில் கெட்டோ வீரர்கள் சதுக்கம். வெறும் இரும்பு நாற்காலிகள் பரப்பியிருக்கிறார்கள், 33 பெரியவை, நகர மக்கள் டிராமுக்குக் காத்திருக்க உட்காரும் சிறியவை தனி. 1943 மார்ச்சில் கெட்டோ காலிசெய்யப்பட்டபோது தெருவில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களை அது குறிக்கிறது. சதுக்கத்தின் மூலையில் 'கழுகு' மருந்துக் கடை. கெட்டோவுக்குள் கடை நடத்த அனுமதிக்கப்பட்ட ஒரே யூதரல்லாத போலந்துக்காரர் ததேயுஷ் பன்கியெவிச் வைத்திருந்தது. அவர் எழுதி வைத்த சாட்சியம் ஜன்னலிலிருந்து பார்த்தவரின் சாட்சியம், அதன் பலமும் குறையும் அந்த ஜன்னல்தான். இழுப்பறைகளைத் திறந்து படிக்கும்படி அமைத்திருப்பதால் கூட்டம் குறைவான மாலை நேரம் நல்லது.

அக்டோபர் 24, வெள்ளி. ஆஷ்விட்ஸ், பிர்கெனாவ்

நுழைவு இலவசம், வழிகாட்டிக்குக் கட்டணம் உண்டு, இரண்டுக்கும் பெயருடன் முன்பதிவு வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுத வேண்டும். இனிஷியல் மட்டும் வைத்திருக்கும் தமிழ்ப் பெயர்களை அப்பா பெயரோடு விரித்து எழுதாவிட்டால் வாசலில் ஐந்து நிமிட விளக்கம். கைப்பை அளவுக்கு மேல் எதையும் உள்ளே விடமாட்டார்கள். இரண்டு முகாம்களையும் சேர்த்து வழிகாட்டியோடு மூன்றரை மணி நேரம், அது போதாது.

2023-இல் திறந்த நுழைவுப் பாதை ஒரு நீண்ட சிமென்ட் சுரங்கவழி. கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. செல்ஃபி கூட்டமும் இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுகிறது. முதல் முகாமின் கட்டடங்களில் எண்கள்: 1,10,000-க்கும் அதிகமான காலணிகள், பெயரெழுதிய பெட்டிகள், ஏறத்தாழ 2 டன் தலைமுடி. முடி இருக்கும் அறையில் படமெடுக்கக் கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கும்போது மனசு பொருளை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் என்பது நம் கணிப்பு. நேரம் குறைவென்றால் 27-ஆம் கட்டடத்துக்கு அதை மிச்சம் பிடித்து வைக்கவேண்டும். இஸ்ரேலின் இன அழிப்பு நினைவு நிறுவனமான யாட் வாஷெம் 2013-இல் அமைத்தது. குழந்தைகள் வரைந்த படங்களைப் பென்சிலால் சுவரில், குழந்தையின் கண்மட்டத்தில் படியெடுத்திருக்கிறார்கள், குனிந்தால்தான் தெரியும். கடைசி அறையில் ஆளுயரப் பெயர்ப் புத்தகம், திறப்பின்போதே 42 லட்சம் பெயர்கள். கணிசமானவை உறவினரோ ஊர்க்காரரோ நிரப்பிக் கொடுத்த சாட்சியப் படிவங்களிலிருந்து வந்தவை: பெயர், பெற்றோர், பிறந்த ஊர், தொழில், நிரப்பியவரின் கையொப்பம். ஒரே ஆளுக்கு இரண்டு பேர் படிவம் கொடுத்திருப்பார்கள், எழுத்துக்கூட்டு மாறியிருக்கும். பெயரைத் தேடுகிறவர்கள் போலந்து, ஜெர்மன், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இட்டிஷ் ஒலிகள் மூன்றிலும் தேட வேண்டும்.

மூன்றரை கிலோமீட்டர் தள்ளி பிர்கெனாவ். மியூசியத்தின் இலவசப் பேருந்து உண்டு. வெட்டவெளி, ஊரில் இல்லாத காற்று இங்கே இருக்கும். காதை மூடும் தொப்பி கட்டாயம். கோபுர வாசலுக்குள் நுழையும் தண்டவாளத்தைப் பார்த்ததும் எல்லாச் சாட்சியங்களையும் அந்த வாசலில் பொருத்திப் பார்க்கத் தோன்றும். அந்த உள்தண்டவாளம் 1944 மே மாதம்தான் ஓடத் தொடங்கியது, ஹங்கேரி யூதர்களைக் கொண்டுவந்தபோது. அதற்கு முன் வந்தவர்கள் வெளியே, இரண்டு முகாம்களுக்கும் நடுவே உள்ள பழைய இறங்குமேடையில் இறங்கி, லாரியிலோ நடந்தோ வந்தார்கள். கையில் A என்று தொடங்கும் எண் பச்சைகுத்தியிருந்தால் 1944 மே மாதத்திலோ அதற்குப் பிறகோ வந்தவர். இறங்குமேடையில் தன்னைப் பிரித்தெடுத்தவர் நாஜி மருத்துவர் மெங்கலேதான் என்று சொல்பவர்கள் ஏராளம். மெங்கலே வந்ததோ 1943 மே. அங்கே பல மருத்துவர்கள் மாறி மாறி நின்றார்கள். போருக்குப் பின் ஒரு பெயர் மட்டும் உலகம் முழுக்கத் தெரிந்துபோனதால், முகமறியாத ஓர் அதிகாரிக்கு அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. சாட்சி பொய் சொல்லவில்லை.

நான்காம் எரிகூடத்தின் தாழ்ந்த செங்கல் வரிசை வரை கூட்டம் வருவதில்லை. 1944 அக்டோபர் 7 அன்று சொண்டர்கொமாண்டோக்கள், அதாவது எரிகூடங்களில் வேலைசெய்யவைக்கப்பட்ட கைதிகள், எழுந்து இதற்குத் தீவைத்தார்கள். பக்கத்து ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து பெண்கள் துளித் துளியாகக் கடத்திய வெடிமருந்து. அதற்காக நான்கு பெண்கள் 1945 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார்கள். யேல் பல்கலைக்கழகச் சாட்சியக் காப்பகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் டோரி லாப் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். நான்கு புகைபோக்கிகள் ஒரே நேரத்தில் வெடித்ததாக அந்தப் பெண் சொன்னார். சேதமானது ஒன்றே என்பதால் வரலாற்றாசிரியர்கள் அந்தச் சாட்சியத்தையே ஒதுக்கிவிடலாம் என்றார்கள். கைதிகள் எதிர்த்தார்கள் என்ற, நடக்கவே முடியாத ஒன்று நடந்ததைத்தான் அவர் சொல்கிறார் என்பது லாபின் வாதம். இடத்தில் நின்று பார்த்தால் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது: எண்ணிக்கைக்கு அவரை நம்பக்கூடாது, மற்றதற்கு அவரை விட்டால் ஆளில்லை.

எரிகூடங்களைச் சுற்றிய மண்ணிலும் காகிதம் இருந்தது. சல்மன் கிராடோவ்ஸ்கி எழுதியது 1945 மார்ச்சில் ஓர் அலுமினியத் தண்ணீர்ப் புட்டியில் கிடைத்தது. கிரேக்க யூதர் மார்செல் நட்ஜாரி தெர்மாஸில் வைத்துப் புதைத்தது 1980 வரை ஈரத்தில் ஊறி, எடுத்தபோது பத்தில் ஒரு பங்குதான் படிக்க முடிந்தது. பிறகு பல அலைநீளங்களில் படமெடுத்துப் பெரும்பகுதியை மீட்டார்கள். தகரம், அலுமினியம், தெர்மாஸ், பால் கேன்: எது தண்ணீரைத் தடுத்தது என்பதைப் பொறுத்துத்தான் இன்று நம்மிடம் எத்தனை பக்கம் இருக்கிறது.

க்ராகோ திரும்பும் பேருந்தில் நின்றபடியே ஒன்றரை மணி நேரம். எழுந்து இடம் கொடுத்தவர் ஒரு பள்ளி மாணவன். வேண்டாம் என்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 25, சனி. க்ராகோ, காசிமியெஷ்

சனிக்கிழமை என்பதால் இந்தப் பழைய யூதப் பகுதியின் வழிபாட்டுக் கூடங்கள் பயணிகளுக்குத் திறப்பதில்லை. உணவகங்களோ யூதப் பெயர் பலகைகளும் வயலின் இசையுமாகத் திறந்தே இருக்கின்றன. பலவற்றில் யூத முறைச் சமையல் எதுவும் இல்லை. சதுக்கத்து வட்டக் கட்டடத்தில் காளான், சீஸ் போட்டுச் சுட்ட நீள ரொட்டியான ஸாப்பியெகாங்கா 20 ஸ்வோட்டி, இரண்டு பேருக்குத் தாராளம்.

கலீசியா யூத அருங்காட்சியகத்தின் புத்தகக் கடையில் மதியம் போய்விட்டது. சாட்சியத் தொகுப்புகளை வாங்குமுன் எந்த முறையில் எடுத்தது என்று முன்னுரையில் பார்ப்பது நல்லது. 1944 ஆகஸ்டில், போர் முடியுமுன்பே, லூப்லினில் தொடங்கிய யூத வரலாற்று ஆணையத்தார் எடுத்த 7,000-க்கும் அதிகமான சாட்சியங்கள் வார்சா நிறுவனத்தில் 301-ஆம் தொகுப்பாக இருக்கின்றன. பெரியவர்களுக்கு ஒரு கேள்வித்தாள், குழந்தைகளுக்குத் தனிக் கையேடு வைத்து எடுத்தவை. சம்பவத்துக்கு மிக அருகில் எடுத்தவை, ஆனால் கேட்டவர் சுருக்கி எழுதியவை. சொன்னவரின் நடை பல இடங்களில் தொலைந்திருக்கும். யேல் முறையில் கேள்வி மிகக் குறைவு, சொல்கிறவர் போகும் வழியில் கேட்பவர் போவார். தேதி வேண்டுமென்றால் நாம்தான் தேட வேண்டும். ஸ்பீல்பெர்க் 1994-இல் தொடங்கிய அறக்கட்டளை ஐந்தாறு ஆண்டுகளில் 50,000-க்கு மேல் எடுத்தது. முன்கூட்டியே விரிவான படிவம், பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லவைத்தல், போருக்கு முன், போர், போருக்குப் பின் என்ற வரிசை, அரை மணி நேர டேப்புகள், முடிவில் குடும்பப் படங்கள். தேடுவதற்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் டேப் மாற்றும் இடத்தில் பேச்சின் ஓட்டம் அறுந்து, அடுத்த டேப்பில் வேறெங்கோ தொடங்குவது அடிக்கடி நடக்கும்.

இப்படி வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு முறையில் எடுத்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பிரவுனிங். ஸ்டாரகோவிட்சே தொழிற்சாலை முகாம்களிலிருந்து தப்பிய 292 பேரின் சாட்சியங்கள். பல பத்தாண்டு இடைவெளியிலும் அவர்கள் நினைவின் மையப்பகுதி ஆச்சரியப்படும் அளவுக்கு மாறாமல் இருந்தது என்பது அவர் முடிவு. ஒரு சாட்சியோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.

2024 ஜனவரிக் கணக்குப்படி உலகில் உயிரோடிருந்த தப்பியவர்கள் ஏறத்தாழ 2,45,000 பேர், பெரும்பாலும் அன்று குழந்தைகள். அவர்கள் சொல்வதில் முகாமின் அமைப்பு குறைவாகவும், மறைந்திருந்த அறையின் வாசனையும் மாற்றிக்கொண்ட பெயரும் அதிகமாகவும் இருக்கும். கேட்கத் தொடங்குகிறவர்கள் மூன்று நிமிடத் துண்டுக் காணொளிகளை விட்டுவிட்டு, எழுத்துப் படி உள்ள ஒரு முழுப் பதிவை எடுத்துக்கொள்ளட்டும். பக்கத்தில் ஒரு வரைபடமும், மாதவாரியான காலவரிசையும் வேண்டும். இரண்டு மணி நேரப் பதிவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கினால் சரியாக இருக்கும்.